செவிகொடுக்கும் தலைவன்: ஹீலியின் லிங்கன் ஓவியத்தில் உடலும் வெற்றிடமும்

அரசியல் தலைவர்களின் பழைய உருவ ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது முகமே முதன்மை பெறுகின்றது. யாருடைய முகம், எந்த ஆண்டில் வரைந்தது, எவர் வரைந்தது, அசலா படியா என்னும் வினாக்களோடு பழம்பொருள் வணிகம் நிறைவடைந்துவிடுகின்றது. அருங்காட்சியகங்களின் அட்டவணைகளும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. ஓவியத்தில் பெரும் பரப்பை அடைத்துக்கொண்டிருக்கும் உடலைப் பற்றிய வினா எழுவது அரிது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க உருவப்பட மரபில் தலைவரின் உடல் அவருக்கே உரியதாக இருந்ததில்லை. அது பொதுச்சொத்தாக இருந்தது.

இதனை மெய்ப்பிக்க ஒரு சான்று போதும். தென்கரோலினாவின் அரசியல் தலைவர் ஜான் கால்ஹூன் நின்றிருக்கும் தோற்றத்தை 1852இல் ஏ. எச். ரிச்சி என்பார் செதுக்கு அச்சுப்படமாக வெளியிட்டார். பின்னர், லிங்கன் கொலையுண்ட காலத்தை ஒட்டி, நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் பேட் என்பார் அதே படத்தில் கால்ஹூனின் தலையை நீக்கி ஆபிரகாம் லிங்கனின் தலையைப் பொருத்தி விற்பனைக்கு விட்டார். மேசைமேல் கிடந்த தாள்களில் மாநிலங்களின் இறையாண்மையையும் தடையற்ற வணிகத்தையும் குறித்த சொற்கள் அழிக்கப்பட்டு, ஒன்றியத்தையும் விடுதலை அறிவிப்பையும் குறித்த சொற்கள் எழுதப்பட்டன. உடை, நிற்கும் நிலை, நீண்ட மேலங்கி, மேசைமேல் ஊன்றிய கை ஆகிய யாவும் அவ்வாறே இருந்தன. அடிமை முறையை நன்மை என்றே 1837இல் மேலவையில் வாதிட்டவரின் உடல்மீது, அம்முறையை ஒழித்தவரின் தலை அமர்ந்தது. வாங்கியோர் எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை. நெடுங்காலம் கழித்து, லிங்கனின் கன்னத்து மறு இடம் மாறியிருப்பதைக் கொண்டே இந்தத் தலைமாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதும் காட்டிக்கொடுத்தது முகந்தான், உடல் அன்று.

ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளத்தக்க இப்பொது உடலிலிருந்து விலகி, ஒருவர்க்கே உரிய உடலைத் தந்த ஓவியமாக ஜார்ஜ் பீட்டர் அலெக்சாண்டர் ஹீலி 1869இல் தீட்டிய லிங்கன் உருவ ஓவியத்தைக் கருதலாம். அவ்விலகல் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் ஓவியம் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

நிற்கும் உடலின் மரபு

அமெரிக்கத் தலைவர் உருவப்படங்களுக்கெல்லாம் மூலமாக அமைந்தது கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முழு உருவ ஓவியம். லான்ஸ்டவுன் ஓவியம் என வழங்கும் அது எட்டடி உயரமுடையது. இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் கூடத்தின் உடைமை. தூண்கள், சிவந்த திரை, இடக்கையில் வாள், மேசையில் எழுதுகோலும் தாள்களும், அடியில் அரசியலமைப்பைக் குறிக்கும் நூல்கள், பின்னணியில் புயல் நீங்கிய வானம், அதில் ஒரு வானவில் என ஆட்சிக்குரிய அடையாளங்கள் யாவும் அங்கே குவிந்துள்ளன. வலக்கை ஏதோ அறிவுறுத்துவதுபோல் நீண்டிருக்கின்றது. அந்தக் கை நீட்டல்கூட அமெரிக்காவில் பிறந்ததன்று; பிரெஞ்சு ஆயர் பொசுவேயை ரிகோ வரைந்த ஓவியத்தின் அச்சுப்படத்திலிருந்து ஸ்டூவர்ட் எடுத்துக்கொண்டது என்பதைக் கலை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். முடியாட்சிக்கால மதத்தலைவரின் உடலே குடியாட்சியின் முதல் தலைவருக்கு வாய்த்தது. கால்ஹூன் உடலில் லிங்கன் தலை ஏறியது தனித்ததொரு மோசடி என்று தள்ளிவிட இயலாமைக்கு இதுவே காரணம். மரபு முழுதும் இத்தகைய இரவல்களால் ஆனது.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கன் அடியாகப் பிறப்பது. லான்ஸ்டவுன் ஓவியத்தின் பொருள்களை இந்நான்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. நூல்கள் கல்வியையும், வாள் தறுகண்மையையும், தூணும் திரையும் இசைமையையும் காட்டுகின்றன. நீண்ட கை கொடைக்கு நெருங்கிய ஒரு செயலைச் சுட்டுகின்றது. ஆனால் மெய்ப்பாடு என்பது மெய்யின்கண் தோன்றுவது. இவ்வோவியத்திலோ பெருமிதம் மெய்யில் தோன்றாமல் மெய்யைச் சூழ்ந்த பொருள்களில் தோன்றுகின்றது. பொருள்களை அகற்றிவிட்டால் எஞ்சுவது கை நீட்டி நிற்கும் ஒரு முதியவர் மட்டுமே.

பேசுவோனை வரைந்த ஓவியன்

ஹீலி இம்மரபுக்கு அயலானவர் அல்லர். அதன் வெற்றிகரமான தொழிலாளி. 1813இல் பாஸ்டனில் பிறந்து, 1834இல் பாரிசு சென்று குரோவிடம் பயின்ற அவர், பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் ஆதரவைப் பெற்றார். வெர்சாய் அரண்மனைக்காக அமெரிக்கத் தலைவர்களின் உருவங்களை வரைந்து தருமாறு அம்மன்னர் அவரைப் பணித்தார். 1845இல் ஆண்ட்ரூ ஜாக்சன் இறக்கும் தறுவாயில் அவருடைய இல்லத்துக்கே சென்று ஹீலி வரைந்தது இப்பணியின் பொருட்டே. 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் மன்னர் முடியிழந்ததும் இத்திட்டமும் முடிந்தது. 1857இல் அமெரிக்கக் காங்கிரசு வெள்ளை மாளிகைக்கான குடியரசுத் தலைவர் உருவங்களை அவரிடம் ஒப்படைத்தது. முகத்தை விரைந்து பிடிப்பவர், ஒப்புமை தவறாதவர், ஏற்ற காலத்தில் முடித்துத் தருபவர் என்ற பெயரே அவர்க்கு மிகுதி. ஆழமான கலைஞர் என்று அவரைப் பின்வந்த திறனாய்வாளர் பலர் கருதவில்லை. அக்கருத்தைப் பொதுவாக மறுப்பதற்கில்லை. அவர் வரைந்த நூற்றுக்கணக்கான உருவங்களுள் பல, தொழில்திறன் உடையனவே தவிர நினைவில் நிற்பன அல்ல.

அவருடைய பெரும் முயற்சி வெப்ஸ்டர் ஓவியம். 1830 சனவரியில் தென்கரோலினாவின் ஹெய்ன் என்பார்க்கு மறுமொழியாக டேனியல் வெப்ஸ்டர் மேலவையில் ஆற்றிய உரை, ஒன்றியத்தின் பிரிக்கமுடியாமையை நிலைநாட்டிய உரையாகப் போற்றப்படுவது. பாஸ்டன் ஃபேன்யுல் மன்றத்தின் மேடைச் சுவரில் இன்றும் காணப்படும் இக்காட்சியை ஹீலி 1851இல் நிறைவு செய்தார். ஏறத்தாழ 16 அடி உயரமும் 30 அடி அகலமும் கொண்ட கித்தானில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடியிருக்க, வெப்ஸ்டர் நடுவே நிமிர்ந்து நிற்கின்றார். அன்று அவைத்தலைமை வகித்தவர், துணைக் குடியரசுத் தலைவராக இருந்த அதே கால்ஹூன் என்பது இங்கு நினைக்கத்தக்கது. நாவன்மையே அரசியல் தகுதியின் உச்சம் என்று அக்காலம் நம்பியது; ஓவியமும் அதனையே கூறுகின்றது. கேட்போர் முகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வரையப்பட்டிருப்பினும், கேட்டல் என்னும் வினை அங்கே வரையப்படவில்லை. அவர்கள் பேச்சாளரின் சிறப்பை அளக்கும் அளவுகோல்களாகவே நிரப்பப்பட்டுள்ளனர்.

இவ்வாறு பேசுவோனை வரைந்த ஓவியனே பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் கேட்போனை வரைந்தான் என்பதில்தான் 1869ஆம் ஆண்டு ஓவியத்தின் சிறப்பு தொடங்குகின்றது.

கப்பலறையிலிருந்து வெற்றறைக்கு

லிங்கனை ஹீலி நேரில் கண்டு வரைந்தது 1860 நவம்பரில், தேர்தல் வெற்றிக்குப்பின் ஸ்பிரிங்ஃபீல்டில். அப்போது லிங்கனுக்குத் தாடி இல்லை. தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று அறிவுரை கூறிய கடிதம் ஒன்றை ஓவிய அமர்வின்போது லிங்கன் சிரித்தபடி தம்மிடம் காட்டியதாக ஹீலி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்தப் படம் ஒளிபெற்ற, ஏறத்தாழ இளமை தங்கிய முகத்தைக் காட்டுவது. போர்க்காலத்து லிங்கன் அதில் இல்லை.

போர்க்கால லிங்கனை ஹீலி மீட்டது 1868இல், 'அமைதி செய்வோர்' என்னும் பொருள்படப் பெயரிட்ட ஓவியத்தில். 1865 மார்ச்சு இறுதியில் வர்ஜீனியாவின் சிட்டி பாயிண்டில் நின்ற ரிவர் குவீன் என்னும் நீராவிக் கப்பலில் லிங்கன், தளபதிகள் கிராண்ட், ஷெர்மன், கடற்படைத் தளபதி போர்ட்டர் ஆகிய நால்வரும் கூடிப் போரின் முடிவைப் பற்றிக் கலந்தாய்ந்தனர். ஹீலி அங்கு இருந்தவர் அல்லர். இருந்தவர்கள் தந்த செய்திகளைக் கொண்டே அறையை அமைத்தார். ஷெர்மன் பேச, லிங்கன் முன்னோக்கிச் சாய்ந்து மோவாயைக் கையில் தாங்கிக் கேட்கின்றார். அவர்க்குப் பின்னுள்ள சாளரத்தில் ஒரு வானவில் தெரிகின்றது. ஸ்டூவர்ட்டின் வானவில் இங்கும் வந்துவிட்டது. மரபு அவ்வளவு எளிதில் விட்டுப்போவதில்லை. அச்சந்திப்பு முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள் லிங்கன் கொல்லப்பட்டார் என்பதைக் காண்போர் அறிந்திருந்தமையால் அந்த வானவில்லுக்குச் சற்றே மிகையான உருக்கமும் சேர்ந்துவிட்டது.

மறு ஆண்டு வெள்ளை மாளிகைக்கு லிங்கன் உருவ ஓவியம் ஒன்றைப் பெறக் காங்கிரசு முடிவு செய்தபோது, ஹீலி புதிய தோற்றம் எதனையும் தேடவில்லை. கப்பலறையிலிருந்த லிங்கனை மட்டும் தனியே எடுத்தார். ஷெர்மன் இல்லை, கிராண்ட் இல்லை, போர்ட்டர் இல்லை. கப்பலின் சாளரமும் வானவில்லும் நீங்கின. ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள கித்தானில், இருண்ட வெறுமையான பின்னணியில், ஒரு நாற்காலியும் அதில் கருநிற உடையுடன் அமர்ந்த ஒரு மனிதரும் மட்டும் எஞ்சினர். தூண் இல்லை, திரை இல்லை, வாளில்லை, நூலில்லை, தாளில்லை. விடுதலை அறிவிப்பு என்ற ஒரு தாளையேனும் அருகில் வைத்திருக்கலாம், அதையும் வைக்கவில்லை. நெடிய கால்கள் மடங்கியிருக்க, முழங்கை தொடைமீது ஊன்றியிருக்க, ஒரு கை மோவாயைத் தாங்குகின்றது; மற்றொரு கை நாற்காலியில் படிந்துள்ளது.

ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்போது குடியரசுத் தலைவராகிவிட்ட கிராண்டிடம் வந்தது. அவர் வில்லியம் காக்ஸ்வெல் என்பாரின் படத்தைத் தேர்ந்தார். லிங்கன் நின்ற நிலையில் அமைந்த, மரபு வழுவாத படம் அது. அந்தக் கப்பலறையில் உடனிருந்து, லிங்கன் கேட்டுக்கொண்டிருந்த கோலத்தை நேரில் கண்ட ஒருவரே, ஆட்சியாளனாக அமர்ந்தபின் நிற்கும் உடலை விரும்பினார் என்பது சிந்திக்கத்தக்கது. அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பது திறனாய்வின் வேலையன்று. ஆயினும், அரசு இல்லத்தின் சுவருக்கு எத்தகைய உடல் தகும் என்பதில் அக்காலத்துக்கு இருந்த உறுதியை இத்தேர்வு தெளிவாக்குகின்றது. தோற்ற படத்தை லிங்கனின் மகன் இராபர்ட் டாட் லிங்கன் வாங்கிக்கொண்டார். தம் தந்தையின் உருவங்களுள் அதற்கு இணையானதைத் தாம் கண்டதில்லை என்பது அவர் கருத்து. அவருடைய மனைவியின் உயில்வழி 1939இல் அது வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் அரசு விருந்துக் கூடத்தின் கணப்புக்கு மேலே மாட்டப்பெற்று, பல பத்தாண்டுகள் அங்கேயே விளங்கியது. வாழ்த்துரைகளும் ஏற்புரைகளும் ஓயாது ஒலிக்கும் கூடத்தில் வாய்மூடிக் கேட்டிருப்பவர் ஒருவர் இருந்தார்.

மோவாயில் ஊன்றிய கை

கையில் தாங்கிய முகம் என்பது ஐரோப்பிய ஓவியத்தில் புதிதன்று. 1514இல் ட்யூரர் செதுக்கிய 'மெலன்கோலியா' முதலாக அது துயரின், செயலற்ற சிந்தனையின் அடையாளம். தமிழ் வழக்கிலும் கன்னத்தில் கைவைத்து அமர்வது இழப்பின் குறி. சிறுவர் அவ்வாறு அமர்ந்தால் கப்பல் கவிழ்ந்ததா என்று கேட்டுப் பெரியோர் கையை எடுக்கச் சொல்லுவர். எனவே இவ்வோவியத்தை முதன்முதல் காணும் ஒருவர், போரில் மாண்டோரை எண்ணி வருந்தும் தலைவராகவே லிங்கனைக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டு எழுதியவர்களும் உளர். துயருற்ற லிங்கன் என்பது அமெரிக்க மக்களின் நெஞ்சில் நிலைபெற்ற படிமமாதலால் இவ்வாசிப்பு எளிதில் வந்துவிடுகின்றது.

ஆயினும் உடலின் ஏனைய பகுதிகள் இவ்வாசிப்பை ஏற்கவில்லை. துயருற்றோன் உடல் தன்னுள் ஒடுங்கும், பாரம் கீழ்நோக்கும். லிங்கனின் உடலோ முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. நாற்காலியின் முதுகுப்பக்கம் அவர்க்குப் பயன்படவேயில்லை. கை தாங்குவது கன்னத்தை அன்று, மோவாயை. கன்னத்தைத் தாங்கும் கை தலையின் சுமையை ஏற்பது; மோவாயில் ஊன்றிய கை வாயை அடக்கி வைப்பது. இந்நுண்ணிய வேறுபாடே ஓவியத்தின் பொருளை முடிவு செய்கின்றது. மறுமொழி சொல்ல வல்ல ஒருவர் மறுமொழியை நிறுத்தி வைத்திருக்கும் நிலை இது.

எண்வகை மெய்ப்பாட்டுள் இதற்கு நேரான பெயர் இல்லை. ஆனால் தொல்காப்பியர் எட்டோடு அமையாமல் மேலும் முப்பத்திரண்டனைக் கூறுவர். அவற்றுள் அடக்கம், சூழ்ச்சி, ஆராய்ச்சி என்பன இடம்பெறுகின்றன. சூழ்ச்சி என்னும் சொல் இன்று வஞ்சகம் என்ற பொருளில் சுருங்கிப்போயிற்று. பழைய வழக்கில் அது பலவும் எண்ணிப் பார்த்தலைக் குறித்தது. பழைய பொருளில் கொள்ளின், ஹீலி வரைந்தது சூழ்ச்சியின் மெய்ப்பாடு. மேலும், லான்ஸ்டவுன் ஓவியத்தில் பொருள்களின் துணையின்றி நில்லாத பெருமிதம் போலன்றி, இங்கே மெய்ப்பாடு முற்றும் மெய்யின்கண்ணே உள்ளது. நாற்காலியையும் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் உடல் கேட்டுக்கொண்டிருக்கும். இவ்வுடலின்மீது வாஷிங்டன் தலையையோ கால்ஹூன் தலையையோ வைத்துப் பார்த்தால் பொருந்தாது. உயரமும், கோணிய அமைதியும், ஒழுங்காக உட்காரத் தெரியாத நாட்டுப்புற வழக்கறிஞரின் எளிமையும் லிங்கனுக்கே உரியவை. முகத்தில் மட்டும் வல்லவர் எனப்பட்ட ஹீலி, தம் வாழ்நாளில் ஒருமுறை உடல் முழுவதையும் முகமாக்கினார் எனலாம்.

கேட்டலை அரசியற் பண்பாகக் கொள்ளும் சிந்தனை தமிழுக்கு நெருக்கமானது. திருக்குறள் கேள்விக்கென ஓர் அதிகாரத்தை வகுத்து, அதனை அரசியலில் வைத்தது. பாடாண் திணையில் செவியறிவுறூஉ என்று ஒரு துறையே உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரிகொள்ளும் முறையை உணர்த்தியதும், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் உழுகுடியின் நிலையை எடுத்துரைத்ததும் புறநானூற்றில் அத்துறைக்குரியன. நாகனாரின் பாட்டால் பழைய நிலவரி நீக்கப்பட்டது என்னும் செய்தியைக் கொளு தருகின்றது. மன்னன் கேட்டான் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பாட்டினுள் கேட்கும் மன்னனின் முகம் இல்லை. புலவரின் குரல் மட்டுமே உண்டு. ஹீலியின் ஓவியத்தில் நிலை தலைகீழாகின்றது. கேட்போனின் முகமும் மெய்யும் முழுமையாக உள்ளன, சொல்லுவோன் இல்லை. என்ன சொல்லப்பட்டது என்பதும் இல்லை. புறநானூற்றில் சொல்லும் அதன் பயனும் பதிவாகிக் கேட்டல் உய்த்துணரப்படுகின்றது. இவ்வோவியத்திலோ கேட்டல் மட்டும் பதிவாகிச் சொல்லும் பயனும் உய்த்துணர விடப்படுகின்றன. ஓவியத்தின் வலிமையும் குறையும் இவ்விடத்தே பிரிகின்றன.

எதிரே யார்?

1868ஆம் ஆண்டு ஓவியத்தில் கேட்டலுக்கு ஒரு பொருள் இருந்தது. அது நடுநிலையானதும் அன்று. 1865 ஏப்ரல் 18இல் தென்படைத் தளபதி ஜான்ஸ்டனோடு ஷெர்மன் செய்துகொண்ட உடன்பாடு தென்மாநிலங்களுக்கு மிகுந்த சலுகை அளிப்பது என்று கூறி வாஷிங்டன் அரசு அதனை ஏற்க மறுத்தது. அவ்வுடன்பாடு கப்பலறையில் லிங்கன் தெரிவித்த எண்ணத்தின்படியே அமைந்தது என்பது ஷெர்மனின் வாதம். அவ்வாதம் ஓயாதிருந்த காலத்தில், ஷெர்மன் பேச லிங்கன் கூர்ந்து கேட்கும் காட்சியை 'அமைதி செய்வோர்' எனப் பெயரிட்டு வரைவது ஒரு பக்கத்துக்குச் சான்று பகர்வதாகவே அமையும். தோற்றவரை எவ்வாறு நடத்துவது என்று நான்கு வெள்ளையர் பேசிய அறை அது. விடுதலை பெறவிருந்த ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்களின் குரல் அங்கு இல்லை.

தனி உருவமாக லிங்கனைப் பிரித்தெடுத்தபோது ஹீலி இந்த வழக்கிலிருந்து ஓவியத்தை விடுவித்தார். ஷெர்மன் இருந்த இடம் வெற்றிடமாயிற்று. இதனை ஓவியத்தின் பேறு என்றே கூறவேண்டும். எதிரில் எவரையும் வைத்துப் பார்க்க அவ்வெற்றிடம் இடந்தருகின்றது. அவ்வாறு வைத்துப் பார்க்கத் தகுதியுடையவர் வரலாற்றில் இருந்தார். 1863 ஆகஸ்டில் பிரெடரிக் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குச் சென்று, கறுப்பினப் படைவீரர்க்கு இணையான ஊதியம் தரப்படாமையையும், சிறைப்பட்டோர் கொல்லப்படுவதையும், பதவி உயர்வு மறுக்கப்படுவதையும் முறையிட்டார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஒருவர் நாட்டின் தலைவரிடம் நேருக்கு நேர் வைத்த முறையீடு அது. லிங்கன் தாம் சொன்னதை ஊன்றிக் கேட்டார் என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் டக்ளஸ் பதிவு செய்கின்றார். அவர் தந்த விடைகள் தமக்கு முழு நிறைவளிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. மனிதரிடம் நிறைவு, விடையில் குறை என்னும் அந்த இரட்டை உணர்ச்சி, ஹீலியின் ஓவியத்துக்கு எழுதப்பட்ட உரை போன்றது. இணை ஊதியச் சட்டம் 1864 சூனில் தான் வந்தது.

ஆனால் வெற்றிடம் என்பது ஒருவரை வரவேற்பதும் ஆகும்; ஒருவரை வரையாமல் தவிர்ப்பதும் ஆகும். ஷெர்மனை நீக்கிய ஹீலி டக்ளசை அமர்த்தவில்லை. அமர்த்தியிருந்தால் அது 1869இல் எந்த அரசு இல்லத்தின் சுவரிலும் ஏறியிராது. எதிரே இருப்பவர் யாரென்று கூறாமையால் கேட்டல் ஒரு பண்பாக மட்டும் நின்றுவிடுகின்றது; உறவாக மாறவில்லை. கேட்கப்பட்டவர்க்கு உருவம் மறுத்துக் கேட்டவர்க்கு மட்டும் பெருமை சேர்ப்பது உருவப்படம் என்னும் வகைமையின் இயல்பான அநீதி. அதன் எல்லைக்குள் நின்று செய்யக்கூடியதை ஹீலி செய்தார் என்பது உண்மையே. ஆயினும் அந்த எல்லையை அவர் ஐயுற்றதாக ஓவியத்தில் அடையாளம் இல்லை.

எதிரே உள்ளவர்க்கு உருவம் கொடுத்தால் என்ன நேரும் என்பதை ஏழாண்டு கழித்து வேறொரு படைப்பு காட்டிற்று. 1876 ஏப்ரல் 14இல் வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் தாமஸ் பால் வடித்த விடுதலை நினைவுச் சிலை திறக்கப்பட்டது. அதற்கான பொருளைத் தந்தவர்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். சார்லட் ஸ்காட் என்னும் பெண்மணி 1865இல் அளித்த ஐந்து டாலரே அதன் முதல். சிலையை வடிவமைப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லை. லிங்கன் நிற்கின்றார், கை நீண்டிருக்கின்றது, காலடியில் விலங்கு தெறித்த ஒருவர் முழந்தாளிட்டிருக்கின்றார். கறுப்பினத்தவர்க்கு உருவம் கிடைத்தது. ஆனால் லிங்கன் கேட்பதை நிறுத்திவிட்டு மீண்டும் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டூவர்ட்டின் வாஷிங்டனிடமிருந்த நீண்ட கை அவரிடம் திரும்பிவந்தது. திறப்பு விழாவில் கிராண்ட் இருந்தார். பேருரை ஆற்றியவர் டக்ளஸ். லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்பதை அவ்வுரையில் அவர் ஒளிக்காமல் கூறினார். அதே வாரத்தில் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதம் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்து 2020இல் ஆய்வாளர்களால் மீண்டும் வெளிக்கொணரப்பட்டது. முழந்தாளிட்ட நிலையிலன்றி எழுந்து நிற்கும் மனிதனாகத் தம் இனத்தவனைக் காட்டும் சிலை ஒன்றைத் தாம் காண விரும்புவதாக அதில் அவர் எழுதியிருந்தார். பாஸ்டனில் இருந்த இச்சிலையின் படி 2020 திசம்பரில் அகற்றப்பட்டது.

டக்ளஸ் கேட்ட அந்த நிமிர்ந்த மனிதன் நிற்பதற்குரிய இடம், ஹீலியின் கித்தானில் நாற்காலிக்கு முன்னே ஒழிந்து கிடக்கின்றது. தம் இறுதிக் காலத்தில் 1887இல் இதே தோற்றத்தை ஹீலி மீண்டும் வரைந்தார். அப்படி இன்று தேசிய உருவப்படக் கூடத்தின் உடைமையாக உள்ளது. அதிலும் லிங்கன் முன்சாய்ந்து மோவாயில் கையூன்றித் தனியே அமர்ந்திருக்கின்றார். எதிரே யாரும் வரையப்படவில்லை.